உப்பு நீங்கலாக

கடந்த இரண்டு மூன்று வருஷங்களில் நான் மிகக் கவனமாகப் படித்த உரைநடை எது என்று யாராவது கேட்டால், ஒரு மோட்டார் காரின் வாரண்டிப் புத்தகம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். எதெல்லாம் உத்தரவாதத்துக்குள் வரும் என்பது அதில் எட்டு வரிகள். எதெல்லாம் வராது என்பது நான்கு பக்கங்கள். அந்த நான்கு பக்கங்களுக்குள் ஒரு வாக்கியம், தமிழில் சொல்வதானால் கிட்டத்தட்ட இப்படி வரும்: வெள்ளம், புயல், இடி, ஆலங்கட்டி மழை, தொழிற்சாலைகளிலிருந்து காற்றில் வந்து படிபவை, ரசாயனங்கள், பறவை எச்சம், மரப்பிசின், உப்பு ஆகியவற்றால் நேரும் சேதம் நீங்கலாக.

நான் இருப்பது தூத்துக்குடியில். இந்தப் பட்டியலில் ஆலங்கட்டி மழையைத் தவிர மற்றெல்லாம் எங்கள் ஊரின் விலாசம். உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஊரைச் சுற்றி வடக்கிலும் தெற்கிலும் அளங்கள், மேகமில்லாத நாளில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை அம்பாரங்கள். வெள்ளம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது. தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. காற்றில் வந்து படிபவை என்ற சொற்றொடரை இந்த ஊர்க்காரன் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடியாது. எங்கள் காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் போன கூட்டத்தின்மீது 2018 மே மாதம் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் மாண்டார்கள். தாமிர ஆலை மூடப்பட்டது. அதன் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளியது. காற்றிலிருந்து ஏதோ படிகிறது என்பதை நிரூபிக்க மனிதர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. கார்க் கம்பெனியோ அதை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டு, தன் பெயிண்டுக்கு அது ஆகாது என்று அச்சடித்தும் வைத்திருக்கிறது.

கார் வாங்கியது 2021-ல். ஏழு லட்சத்துச் சொச்சம், மூன்று வருஷ வாரண்டி. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து வந்த பணத்தில் பெரும் பங்கு இதற்குப் போயிற்று. சொந்தக் காரில் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அக்காவுக்கு மூச்சு வியாதி. மாதம் ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை, திருநெல்வேலிக்குக் கொண்டு போக வேண்டும். ஐம்பது கிலோமீட்டர். வாகைக்குளம் தாண்டி லாரிகள் கிளப்பும் புழுதியில் ஜன்னலைத் திறந்துவைத்துப் போனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவள் அரை உயிராக இருப்பாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் கச்சான் அடிக்கும் மாதங்களில் உள்ளே அடுப்பு. ஆகவே ஏ.சி. மற்றவர்களுக்குச் சொகுசாக இருப்பது எங்களுக்கு மருந்துச் சீட்டின் ஒரு வரியாக இருந்தது.

2023 ஏப்ரலில் குளிர்ச்சி நின்றது. கேஸ் இல்லை என்று நிரப்பினார்கள், பணம் வாங்கினார்கள். ஜூலையில் மறுபடி நின்றது. மறுபடி நிரப்பினார்கள். ஜாப் கார்டில் 'கசிவு காணப்படவில்லை' என்று எழுதியிருந்தது. காணப்படவில்லை என்பது ருசிகரமான பிரயோகம். யாரால் காணப்படவில்லை, எவ்வளவு நேரம் பார்த்து, எந்த வெளிச்சத்தில் என்பதெல்லாம் அதில் கிடையாது. வினைக்கு எழுவாய் இல்லாதபோது பொறுப்புக்கும் ஆள் இல்லாமல் போகிறது. நம் விமர்சகர்கள் சிலரும் 'கருதப்படுகிறது' என்று எழுதுவார்கள். அங்கேயும் இதே சங்கதிதான்.

மூன்றாம் முறை, 2024 ஜனவரியில், அந்த ஸ்தாபனத்துக்குப் போவதற்குமுன் தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அந்த மெக்கானிக் முன்பக்கக் கிரில்லைக் கழற்றி, நைட்ரஜன் ஏற்றி, ஒரு பிளாஸ்டிக் கப்பில் சோப்புத் தண்ணீர் கலக்கிப் பிரஷ்ஷால் தடவினார். ரேடியேட்டருக்கு முன்னால் வலைபோல் நிற்கும் கண்டென்சரின் இடது கீழ் மூலையில் ஒரு நுரைக்குமிழி எழுந்து, பெருத்து, உடைந்து, மறுபடி எழுந்தது.

"இந்தா இருக்கு பாருங்க அண்ணாச்சி. குண்டூசி முனை அளவு. அலுமினியம்லா, உப்புக் காத்துக்குப் பொரிஞ்சு போயிருக்கு."

விஷயம் இவ்வளவுதான். கண்டென்சர்தான் வண்டியில் எதிர்க்காற்றை முதலில் வாங்குகிறது. ஈரத்தோடு வரும் உப்பு அந்த மெல்லிய தகடுகளுக்கிடையே தங்கி, அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கிறது. பூச்சு கனமாக இருந்தால் பல வருஷம் தாங்கும், இல்லாவிட்டால் தாங்காது. கேஸ் நிரப்புவதால் ஓட்டை அடைபடுவதில்லை. சோப்புத் தண்ணீரும் கால் மணி நேரமும் போதுமான ஒரு காரியம், இரண்டு ஜாப் கார்டுகளில் காணப்படாமல் இருந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் ஷோரூமில் பேச்சு மாறியது. அதுவரை கசிவு இல்லை. இப்போது கசிவு உண்டு, ஆனால் அது உப்பால் வந்தது, ஆகவே நீங்கலானது. சர்வீஸ் அட்வைசர் இளைஞன், மரியாதைப்பட்டவன்.

"சார், உங்க ஏரியா அப்படி சார். கடல்காத்து. கம்பெனி ஒத்துக்க மாட்டாங்க."

"இந்த ஊர்ல எல்லாருக்கும் அதே காத்துதானே தம்பி?"

"அதான் சார், எல்லாருக்குமே ரிஜெக்ட் ஆகுது."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான்.

விலக்கு வாசகங்கள் எனக்குப் புதியவை அல்ல. முப்பத்திரண்டு வருஷம் நான் தட்டச்சு செய்தவை அவைதான். சீல் வைத்த கண்டெய்னரை ஏற்றிக்கொள்ளும் கப்பல் கம்பெனி, சரக்குச் சீட்டில் 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' என்று எழுதித்தான் கையெழுத்துப் போடும். முந்திரிப் பருப்பு இருப்பதாகச் சொல்லப்படுவது. தீப்பெட்டி இருப்பதாகச் சொல்லப்படுவது. இதில் எனக்கு மனக்குறை கிடையாது. திறந்து பார்க்காதவன் திறந்து பார்க்கவில்லை என்கிறான். ஆனால் இரும்புச் சரக்குக்கு வேறொரு வாசகம் உண்டு. ரெட்லா வாசகம் என்று பெயர். சரக்கு நல்ல நிலையில் ஏற்றப்பட்டது என்று முதலில் எழுதிவிட்டு, நல்ல நிலை என்றால் துருப் பிடிக்காத நிலை என்று அர்த்தமல்ல என்று அடியில் சேர்ப்பார்கள். 1970-ல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் இதை அப்படியே ஏற்றது. 2012-ல் லண்டன் நீதிமன்றம் கொஞ்சம் யோசித்தது. லேசான மேல்துருவுக்கு அந்த வாசகம் பொருந்தும். கனத்த துருவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நல்ல நிலை என்று எழுதினால் அது பொய் என்றது. நாற்பத்திரண்டு வருஷம் கழித்தாவது ஒருவர் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து வாசித்திருக்கிறார்.

இந்தக் கரையில் இதைவிடப் பழைய வியாபாரம் ஒன்று இருந்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள், ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1889-ல் இங்கே வந்து பார்த்து எழுதியிருக்கிறார். கரைக்கு வந்த சிப்பியில் சர்க்காருக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. குளியாளி தன் பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்பான். நாலு சிப்பி, அஞ்சு சிப்பி வாங்கி அங்கேயே பிளந்து பார்க்கிற கூட்டம் சுற்றி நிற்கும். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. யாரும் யாரிடமும் போய்ச் சண்டை போட முடியாது, ஏனென்றால் யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. பாரிலிருந்து முன்கூட்டியே மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு தேறியது என்று அறிவித்த பிறகே ஏலம் கூறும். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. அது நியாயமான வியாபாரம் என்று நான் வாதாட வரவில்லை. ஆழத்தில் மூச்சடக்கியவனுக்கு ஒரு பங்கு, கரையில் குடை பிடித்தவனுக்கு இரண்டு பங்கு. நான் சொல்வது அதன் பாஷையைப் பற்றி. மூடிய சிப்பியை மூடிய சிப்பி என்று சொல்லி விற்றார்கள். இப்போது மூடிய சிப்பியை விற்று, உள்ளே முத்து இருப்பதாக எட்டு வரியில் சத்தியமும் செய்து, கடலில் எடுத்த சிப்பி நீங்கலாக என்று நான்கு பக்கம் சேர்க்கிறார்கள்.

வாரண்டி என்ற சொல்லின்மேல் நம் ஜனங்களுக்கு இருக்கும் மரியாதையும் விசித்திரமானது. வாரண்டி உண்டா என்று கேட்டு வாங்குவதை நாம் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பார்த்தால், வாரண்டி என்பது இரண்டாந்தர வாக்குறுதி. ஒப்பந்தத்தின் உயிரான வாக்குக்கு நிபந்தனை என்று பெயர். அது பொய்த்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குத் துணையாக நிற்கும் வாக்குதான் வாரண்டி. அது பொய்த்தால் நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவே. 1986-ல் நுகர்வோர் சட்டம் வந்து வாங்குபவன் பேச ஓர் இடம் கிடைத்தது. இருந்தும் 2006-ல் மாருதி கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி வாசகம் பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்கிறது, முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. 2004-ல் கேரளத்துக்காரர் ஒருவர் பிரீமியர் கம்பெனிமீது போட்ட வழக்கில் அதே நீதிமன்றம் வேறு குரலில் பேசியிருந்தது. பழுதான காரைப் புதுக் கார் என்று விற்க முயன்றது வெட்கக்கேடு. குறையை ஒப்புக்கொள்ளாமல் அத்தனை தூரம் வழக்காடியது அதைவிட வருந்தத்தக்கது என்கிற தொனி. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். இரண்டாவதில் மனிதர் ஒருவருக்குக் கோபம் வந்திருக்கிறது. முதலாவதில் வாசகம் வாசிக்கப்பட்டிருக்கிறது. நான் கேட்டது முழுக் காரை அல்ல, ஒரு பாகத்தை. ஆகவே வாசகம் வாசிக்கும் தீர்ப்பும் எனக்குப் பாதகமில்லை என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார்.

அதற்குமுன் நான் செய்தது ஒன்று உண்டு. சில நண்பர்கள் அதை இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

2024 மார்ச்சில் ஒரு பெரிய சார்ட் அட்டை வாங்கி, அந்த விலக்கு வாக்கியத்தைத் தமிழில் எழுதினேன். கறுப்பு மையில், சொல் பிசகாமல். அதன் கீழே 'இந்த ஊரில் விற்கப்படும் காருக்கு இது உத்தரவாதம்' என்று மட்டும். வசவு இல்லை, ஆச்சரியக்குறி இல்லை, ஸ்தாபனத்தின் பெயரும் இல்லை. பெயர் எதிரே இருபதடி நீளத்தில் விளக்குப் போட்டு எழுதியிருந்தது. காரைச் சாலையின் இந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, அட்டையை முன்கண்ணாடியில் சாய்த்து, காலை பத்திலிருந்து ஒரு மணிவரை பக்கத்தில் நின்றேன். மூன்று நாள்.

வெறும் வாக்கியத்தை எழுதி வைத்ததற்குக் காரணம் இருந்தது. இம்மாதிரித் தகராறுகள் தெருவுக்கு வரும்போது எப்படி வருகின்றன என்பதைப் பார்த்திருக்கிறேன். 2019 டிசம்பரில் உதயப்பூரில் ஒருவர் தம் புதுக் காரைக் கழுதை கட்டி இழுத்துப்போகச் செய்தார். 2022 ஏப்ரலில் ஆம்பூரில் ஒருவர், வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத தம் ஓலா மின்சார ஸ்கூட்டர்மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செய்த வண்டி, பக்கத்து மாவட்டத்தில் சாலையோரம் எரிந்தது. மின்சார வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றியதில் ஒரு கசப்பான ஹாஸ்யம் இருக்கிறது. அவரைப் பைத்தியம் என்று சொன்னவர்கள், 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதே கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, ஒரே வருஷத்தில் வந்த புகார்கள் பத்தாயிரத்துக்கு மேல் என்பதைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பத்தாயிரம் பேரும் கொளுத்தவில்லை; தொலைபேசியில் காத்திருந்து, எண் வாங்கி, மறுபடி காத்திருந்தவர்கள். கொளுத்தியவரையும் கழுதை கட்டியவரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நெருப்பு சாட்சியத்தையும் சேர்த்து எரித்துவிடுகிறது. கழுதையைப் பார்த்தவர்களுக்குக் கழுதைதான் ஞாபகம் இருக்கிறது, கியர்பெட்டியோ கிளட்சோ இல்லை. என் கட்சிக்கு அந்த வாக்கியத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. அது தானே பேசட்டும் என்று விட்டேன்.

முதல் நாள் யாரும் நிற்கவில்லை. இரண்டாம் நாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஷோரூமிலிருந்து சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் அட்டையை முழுக்க வாசித்தார், உதட்டை அசைத்து. "இதுல திட்டி ஒண்ணுமில்லையே சார்" என்று கூட இருந்தவரிடம் சொல்லிவிட்டு, வண்டி போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இல்லாமல் இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லிப் போனார். ஓர் இளைஞன் படம் எடுத்து, கம்பெனி பெயரையும் நாலு கெட்ட வார்த்தையையும் சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டான். உள்ளது உள்ளபடி போடு என்றேன். அவனுக்கு ஏமாற்றம். பகல் ஷிப்ட் முடிந்து போகிற அளத்துப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். தலைத்துணியை இன்னும் அவிழ்க்கவில்லை, முழங்கால்வரை வெள்ளைப் பொரி. ஒருத்தி மற்றவர்களுக்கு உரக்க வாசித்தாள். உப்பு என்ற இடம் வந்ததும் மூத்தவள் குறுக்கிட்டாள்.

"உப்பு ஆகாதுன்னா இந்த ஊருக்கு எதுக்குய்யா கொண்டாந்தான்?"

எட்டுப் பக்கத்துக்கு வக்கீல் பிற்பாடு எழுதித் தந்த மனுவில் இதற்குமேல் ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் முப்பது வருஷமாகச் சிறுபத்திரிகைகளில் எழுதிவருகிறேன். எழுதியதிலெல்லாம் அதிகம் பேர் வாசித்தது அந்த அட்டையைத்தான். அதிலும் என் வாக்கியம் ஒன்றே ஒன்று.

மூன்றாம் நாள் மத்தியானம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஏ.சி. அறையில், காபி கொடுத்தார்கள். மேலதிகாரி திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். வாரண்டியில் தர முடியாது, ஆனால் நல்லெண்ணத்தில் கண்டென்சரை இலவசமாக மாற்றித் தருகிறோம், கூலி மட்டும் நீங்கள் கொடுங்கள் என்றார். ஒரு தாளை நகர்த்தினார். எனக்குச் சேரவேண்டியது ஒன்றுமில்லை என்பதும், செய்தது சலுகை என்பதும், எனக்கு முழுத் திருப்தி என்பதும் அதில் இருந்தன. அடுத்த வியாழன் அக்காவைக் கொண்டுபோக வேண்டும். கையெழுத்துப் போட்டால் புதன்கிழமை வண்டி தயார். அந்த அறையில் நன்றாகக் குளிர்ந்தது.

முதல் இரண்டையும் அடித்துவிட்டுத் தாருங்கள், திருப்தி என்பதைக்கூட நான் பொறுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்தத் தாளில் ஒரு சொல்லையும் மாற்ற அதிகாரமில்லை என்றார். அவருக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்திராது. வேறெங்கோ இருந்து எழுதப்பட்ட வாக்கியங்கள் அவை. அவரும் என்னைப் போலவே அவற்றை வாசித்துக் காட்டுகிறவர். ஒரு கண்டென்சருக்காக இவ்வளவா என்று அவர் முகத்தில் இருந்தது. அக்காவின் முகத்திலும் அன்று மாலை அது இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. "பொறவு உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமை வாடகைக் காரில் போனோம்.

கண்டென்சரைத் தெருக்கோடி மெக்கானிக்கே மாற்றினார். கழற்றியதைச் சாக்கில் கட்டி வாங்கி வைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை முன்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசச் சொன்னார், அழுத்தம் வேண்டாம், தகடு மடங்கிவிடும் என்றார். இந்த ஊரில் கார் விற்கிறவர்கள் யாரும் இந்த ஒரு வரியை எனக்குச் சொன்னதில்லை. புத்தகத்தின் நான்கு பக்கங்களிலும் அது இல்லை.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போட 200 ரூபாய்க் கட்டணம். 2019-ஆம் வருஷச் சட்டம் வந்தபின் வாங்கியவன் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; கம்பெனி இருக்கிற ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். எதிர்த்தரப்பு பதில் தர முப்பது நாள், மிஞ்சினால் இன்னும் பதினைந்து, அதற்குமேல் ஒருநாளும் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. எனக்குப் பதில் நாற்பத்து நான்காம் நாள் வந்தது.

பதினோரு பக்கம். பெரும்பாலும் பாராவுக்குப் பாரா மறுப்பு: மறுக்கப்படுகிறது, முற்றிலும் மறுக்கப்படுகிறது, புகார்தாரர் கண்டிப்பான நிரூபணத்துக்கு உட்படுத்தப்படுகிறார். சோப்புக் குமிழியும் மறுக்கப்பட்டிருந்தது. ஒன்பதாம் பாராவில்தான் புதிதாக ஒன்று இருந்தது. புகார்தாரர் கடற்கரையிலிருந்து மிகக் குறைந்த தூரத்தில் வசிப்பவர் என்றும், இந்த முக்கிய உண்மையை வாகனம் வாங்கும்போது விற்பனையாளரிடம் வெளிப்படுத்தவில்லை என்றும்.

புக்கிங் படிவத்தின் நகலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். விலாசத்தை அவர்களுடைய ஆள்தான் தன் கையெழுத்தில் பூர்த்தி செய்திருக்கிறான். கதவு எண், கடற்கரைச் சாலை, தூத்துக்குடி. சாலை என்பதற்கு ஒரு 'லை' குறைகிறது. மற்றபடி சரியாக இருக்கிறது.